பழைய பாட்டும் புதிய பாட்டும் ஒரே மேடையில்: குரல் குழுக் கச்சேரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு பேர் கொண்ட ஒரு குரல் குழுவில் நான் பேஸ், அதாவது எல்லோருக்கும் கீழே ஒலிக்கும் குரல். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வெளியே வந்தால் போதும், யாராவது ஒருவர் நிகழ்ச்சிக் கையேட்டைச் சுருட்டிப் பிடித்தபடி "ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். சீசனுக்கு சீசன் ஆட்கள் மாறுகிறார்களே தவிர, சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

குரல் குழு என்கிறீர்கள். கோரஸ்தானே அது?

ஒரே குடும்பம்தான். கோரஸில் ஒரு பாகத்தை, அதாவது ஒரு குரலுக்கென்று எழுதிய வரியை, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பாடுவார்கள். ஒருவர் மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவர் இழுத்துப் பிடித்துக்கொள்வார். குரல் குழுவில் பாகத்துக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் இரண்டு பேர். நான் ஒரு இடத்தில் இருமிவிட்டால் அந்த இடத்தில் பாட்டுக்கு அடித்தளமே இருக்காது.

எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை. ஹில்லியர்ட் என்செம்பிள் நாலு பேராகவே பெயர் வாங்கியது. கிங்ஸ் சிங்கர்ஸ் ஆறு பேர். ரூம்ஃபுல் ஆஃப் டீத் எட்டு பேர். சிறிய குழுக்களில் பெரும்பாலும் கையசைத்து நடத்துபவர் கிடையாது. ஒருவர் மூச்சு எடுப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் அந்த மூச்சுச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

வாத்தியமே கிடையாதா?

பெரும்பாலும் கிடையாது. துணை வாத்தியம் இல்லாமல் பாடுவதை 'அ கப்பெல்லா' என்கிறார்கள். இத்தாலிய மொழியில் அதற்கு 'சிற்றாலயத்தில் பாடும் முறை' என்று பொருள். ஆனால் அந்தக் காலத்தில் எல்லா ஆலயத்திலும் வெறும் குரல் மட்டுமே ஒலித்தது என்று நினைத்துவிட வேண்டாம். ரோமின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் அப்போது ஆர்கன்கூட வைக்கவில்லை. மற்ற பல இடங்களில் ஆர்கனும் ஊதுகருவிகளும் குரலோடு சேர்ந்தே போயின.

புதிய பாட்டுகளில் பாடகர்களே வாசிப்பதும் உண்டு. டேவிட் லாங் எழுதி 2008இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்ற 'தி லிட்டில் மேட்ச் கேர்ள் பேஷன்' என்ற படைப்பில் நாலு பாடகர்கள் பாடிக்கொண்டே தாளக் கருவிகளையும் தட்டுவார்கள். அவற்றில் வண்டியின் பிரேக் டிரம்மும் ஒன்று. பாடுவதா, தட்டுவதா என்று கை கால் உதறுவது பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க நிறைய ஒத்திகை தேவை.

பழைய இசை என்றால் எவ்வளவு பழசு?

இதற்கும் வரையறை எழுதி வைக்கவில்லை. சிலர் 1750 வரை இழுப்பார்கள். எங்கள் மாதிரி குழுக்கள் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். அந்தப் பக்கம் ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் (1098–1179) எழுதிய, எல்லோரும் ஒரே மெட்டையே பாடும் பாட்டு. இந்தப் பக்கம் மாண்டெவெர்டி (1567–1643). நடுவில் பாரிஸின் நோத்ர் தாம் ஆலயத்துக்காக 1200 வாக்கில் நாலு குரலுக்கு எழுதிய பெரோட்டின், 14ஆம் நூற்றாண்டின் மாஷோ, 1521இல் இறந்த ஜோஸ்கன், இங்கிலாந்தின் டாலிஸும் பேர்டும்.

'புதியது' என்று நான் சொல்வது 1960களுக்குப் பிறகு வந்தவற்றை. முடிந்தவரை, எழுதியவர் உயிரோடு இருந்தால் நல்லது. சந்தேகம் வந்தால் கடிதம் போட்டுக் கேட்கலாம். ஜோஸ்கனிடம் அது நடக்காது.

ஏன் இரண்டையும் கலக்கிறீர்கள்? நடுவில் மொசார்ட், பீத்தோவன் எல்லாம் எங்கே போனார்கள்?

எல்லோரும் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் ஆபரா, அதாவது பாடியே நடிக்கும் நாடகம், வளர்ந்தது. அப்புறம் அரங்குகள் பெரிதாயின, வாத்தியக் குழுக்களும் பெருத்தன. 19ஆம் நூற்றாண்டில் அத்தனை வாத்தியங்களையும் தாண்டி ஒரு தனிக்குரல் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டியிருந்தது. குரலை அதற்கென்றே பழக்கினார்கள்: கனமாக, பளபளப்பாக, அதிர்வோடு. பெரிய கலை அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் அரைவட்டமாக நின்று சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளும் பாட்டுக்கு அந்தக் குரல் சரிப்படாது. ஒருவர் மற்ற மூவரையும் விழுங்கிவிடுவார்.

20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இசையமைப்பாளர்கள் சிலர் தாங்களாகவே இந்த நடுப்பகுதியைத் தாண்டிப் பின்னால் போனார்கள். எஸ்டோனியாவின் ஆர்வோ பேர்ட் 1968க்குப் பிறகு சில ஆண்டுகள் அதிகம் எழுதாமல், ஆதிகால ஆலயப் பாட்டையும் பழைய பலகுரல் இசையையும் படித்துக்கொண்டிருந்தார். 1976இல் தனக்கென்று ஒரு முறையோடு வெளியே வந்தார். ஒரு குரல் படிப்படியாக ஸ்வரம் ஏறி இறங்கும், இன்னொரு குரல் மூன்றே மூன்று ஸ்வரங்களுக்குள் மணி அடிப்பது போல நிற்கும். லிகெட்டி 1966இல் 16 தனிக்குரல்களுக்கு எழுதிய 'லுக்ஸ் எட்டெர்னா' கேட்பதற்குப் பனிமூட்டம் மாதிரி இருக்கும். உள்ளே பிரித்துப் பார்த்தால், ஒருவர் பாடியதை அடுத்தவர் பின்தொடர்ந்து பாடும் அந்தப் பழைய கேனன் முறைதான்.

அதே காலத்தில்தான் பழைய இசைக்கென்றே குழுக்கள் தோன்றின. டாலிஸ் ஸ்காலர்ஸ் 1973இல், ஹில்லியர்ட் 1974இல். புதிதாக எழுத உட்கார்ந்தவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது இவர்களுடைய குரல்: நேரானது, மெலிந்தது, சுருதி பிசகாதது. ஆர்வோ பேர்ட்டின் 'பாஸியோ' என்ற படைப்பைப் பதிவுசெய்து உலகத்துக்குக் கொண்டுபோனவர்களும் ஹில்லியர்ட்காரர்கள்தான். பழசும் புதுசும் எங்கள் மேடையில் பக்கத்துப் பக்கத்து வீடு. பீத்தோவன் பெரிய மாளிகைக்காரர், கொஞ்சம் தள்ளி இருக்கிறார்.

ஒரு சீசனுக்கு எந்தப் பாட்டோடு எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

சுலபமான வழி, ஒரே வரிகளுக்கு இரண்டு பேர் போட்ட இசையை எடுத்துக்கொள்வது. 'ஓ மாக்னும் மிஸ்டேரியும்' என்ற லத்தீன் பாடலுக்கு ஸ்பெயினின் விக்டோரியா 1572இல் வெளியிட்ட மோட்டெட் (பல குரலுக்கான ஒரு பாட்டு வகை) ஒன்று உண்டு. அதே வரிகளுக்கு அமெரிக்கரான லாரிட்சன் 1994இல் எழுதியதும் உண்டு. அதேபோல 51ஆம் சங்கீதத்துக்கு அலெக்ரியின் 17ஆம் நூற்றாண்டு 'மிஸெரேரே', ஸ்காட்லாந்துக்காரர் மெக்மில்லனின் 2009 'மிஸெரேரே'. கையேட்டில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பலமுறை இப்படிச் செய்தால் பள்ளிக்கூடத்து ஒப்பீட்டுக் கட்டுரை மாதிரி ஆகிவிடும்.

எனக்குப் பிடித்தது, புதியது பழையதைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் வகை. சுவீடனின் யான் சாண்ட்ஸ்ட்ரம், பிரிட்டோரியுஸ் 1609இல் வெளியிட்ட ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்து, ஒரு ஸ்வரம்கூட மாற்றாமல் மிக மிக மெதுவாகப் பாட விடுகிறார். அதைச் சுற்றி இன்னொரு எட்டு குரல் வாய் திறக்காமல் ம்ம் என்று முனகிக்கொண்டே இருக்கும். நான் ஒருமுறை அந்த முனகல் வரிசையில் நின்றேன். என் எதிரில் பாட்டு ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நகர எடுத்துக்கொண்ட நேரத்தில், அடுத்து என்ன வரும் என்பதே மறந்துபோனது. அத்தனைக்கும் அது தூக்கத்தில் எழுப்பினாலும் பாடக்கூடிய பாட்டு.

சேராத ஜோடிகளும் உண்டு. இரண்டும் மெதுவானவை, இரண்டும் சோகமானவை என்ற ஒரே காரணத்துக்காகப் பக்கத்தில் வைத்தால் அரங்கமே கண் அயர்ந்துவிடும். சொந்த அனுபவம்.

லத்தீனும் பிரெஞ்சும் எனக்குப் புரியாதே, வந்து என்ன பண்ணுவது?

கையேட்டில் மூல வரிகளும் மொழிபெயர்ப்பும் இருக்கும். பாட்டு தொடங்கும் முன் ஒருமுறை வாசித்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். வரிக்கு வரி விரல் வைத்துத் தொடர்ந்தால் காது வேலை செய்யாது.

இன்னொரு விஷயம், அன்று கேட்டவர்களுக்கும் எல்லாம் புரிந்திருக்காது. மாஷோவின் மோட்டெட் பலவற்றில் ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் இரண்டு வெவ்வேறு கவிதைகளைப் பாடும், கீழே இருக்கும் குரல் ஆலயப் பாட்டின் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். 1965–66இல் இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ எழுதிய 'செகுவென்சா 3'இல் ஒரு சின்னக் கவிதையைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டிருப்பார். இரண்டுக்கும் நடுவே 600 வருஷம்.

அந்தக் காலத்தில் இப்படித்தான் பாடினார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

முழுசாகத் தெரியாது. தெரியும் என்று சொல்லும் குழுவை நம்பாதீர்கள். 16ஆம் நூற்றாண்டின் பாகப் புத்தகம் ஒன்றின் நகலை என் கையில் கொடுத்தபோது எனக்கு வியர்த்தது. அதில் என் வரி மட்டும்தான் இருக்கிறது. மற்ற மூவர் என்ன பாடுகிறார்கள் என்று பார்க்க வழியில்லை. தாளத்தைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு இல்லை. வேகமா மெதுவா, உரக்கவா மெல்லவா என்று ஒரு சொல்கூட இல்லை. சில இடங்களில் ஸ்வரத்தை அரை ஸ்வரம் ஏற்றவோ இறக்கவோ வேண்டும், அதையும் எழுதவில்லை. பாடகனுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். காதைத் தீட்டி மற்றவர்களைக் கேட்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. அன்றைய பாடகர்களைப் பற்றி நூறு பக்கம் படித்ததைவிட அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் தெரிந்துகொண்டேன்.

'அசல்' என்று எல்லோரும் நினைப்பது அசலாக இல்லாமல் போவதும் உண்டு. அலெக்ரியின் 'மிஸெரேரே'யில் சொப்ரானோ, அதாவது எல்லோருக்கும் மேலே ஒலிக்கும் குரல், உச்சிக்கு ஏறும் அந்த ஒரு ஸ்வரத்துக்காகவே டிக்கெட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அலெக்ரி அதை எழுதவில்லை. பிற்காலத்தில் படியெடுத்தவர்களின் குழப்பத்தில் நுழைந்தது. தெரிந்தும் பாடுகிறோம், ஏனென்றால் அழகாக இருக்கிறது.

பெண் குரல் மாதிரி ஒரு ஆண் பாடுகிறாரே, அது எப்படி?

அவர் கவுண்டர்டெனர். தன் பேச்சுக் குரலை விட்டுவிட்டு, எல்லா ஆண்களுக்கும் இருக்கும் மெல்லிய மேல்குரலை வருஷக்கணக்கில் பழக்கி எடுத்தவர். பழைய ஆலயங்களில் மேல் பாகங்களைச் சிறுவர்களும் ஆண்களுமே பாடினார்கள், பெண்களுக்கு அங்கே இடம் தரவில்லை. ஆனால் ஹில்டகார்ட் தன் மடத்துக் கன்னியருக்காகவே எழுதியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைய குழுக்கள் இரண்டு வழியிலும் பாடுகின்றன.

உங்கள் குரல் நடுங்கவே மாட்டேன் என்கிறதே, ஏதோ தட்டையாக இல்லையா?

அதிர்வு குறைவாக இருப்பது வேண்டுமென்றே செய்வது. இரண்டு ஸ்வரங்கள் சேரும்போது அவற்றின் அதிர்வெண்கள் எளிய விகிதத்தில் இருந்தால் காதுக்குச் சுத்தமாகக் கேட்கும். பியானோவில் அந்தச் சுத்தத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஆக்டேவை, அதாவது கீழ் ஸவிலிருந்து மேல் ஸ வரையுள்ள தூரத்தை, 1200 சென்ட் என்று வைத்துக்கொண்டால், மேஜர் மூன்றாம் ஸ்வரம் (நம் அந்தர காந்தாரம்) பியானோவில் 400 சென்ட்டில் நிற்கும். இயற்கையான சுத்தம் 386இல் இருக்கிறது. பியானோவால் மாற்ற முடியாது, குரலால் முடியும். ஆனால் குரல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் 14 சென்ட் வித்தியாசம் எங்கே தெரியும்?

ஒத்திகையில் இது நடப்பதைப் பார்க்க வேண்டும். நானும் எனக்கு அடுத்த மேல்குரலான டெனரும் கீழே இரண்டு ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அதற்கும் மேலே பாடும் ஆல்ட்டோ மூன்றாவதைச் சேர்ப்பார். ஏதோ உறுத்தும். "கொஞ்சம் கீழே" என்று யாரோ கண்ணாலேயே சொல்வார்கள். அவர் மயிரிழை இறக்குவார். சட்டென்று உறுத்தல் நின்று, யாருமே பாடாத ஒரு ஸ்வரம் எங்கள் தலைக்கு மேலே ஒலிக்கத் தொடங்கும். முதல்முறை கேட்டபோது நான் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் சுத்தம் பார்த்துக்கொண்டே போனால் மொத்தப் பாட்டும் மெல்ல மெல்லக் கீழே சரியும். ஒரு கச்சேரியில் தொடங்கிய இடத்துக்கு ஏறக்குறைய அரை ஸ்வரம் கீழே போய் முடித்தோம். அரங்கில் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த பாட்டைச் சரியான சுருதியில் தொடங்கியபோதுதான் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பாட்டுக்கு முன்னால் ஒருவர் காதருகே எதையோ கொண்டுபோகிறாரே?

இசைக்கவை. முழங்காலில் தட்டிக் காதில் வைத்தால் 440 ஹெர்ட்ஸ் கேட்கும். அதை வைத்து அவர் எங்களுக்கு ஸ்வரம் கொடுப்பார். 440 என்ற எண்ணை நாடுகள் கூடிப் பேசி ஒத்துக்கொண்டதே 1939இல்தான். டாலிஸுக்கு அப்படியொரு எண் இருந்ததே இல்லை. அதனால் பழைய பாட்டை எங்கள் தொண்டைக்கு வசதியான உயரத்தில் வைத்துக்கொள்கிறோம், அதில் பாவம் ஒன்றும் இல்லை.

புதிய பாட்டில் முனகுகிறார்கள், பேசுகிறார்கள், மூச்சை இழுத்து விடுகிறார்கள். இதெல்லாம் இசையா?

ஜானக்கான் என்ற பிரெஞ்சுக்காரரின் பாட்டுகள் 1528இல் அச்சில் வந்தன. ஒன்றில் நாலு பேரும் போர்க்களமாகவே மாறிவிடுவார்கள்: முரசு, எக்காளம், பீரங்கி, எல்லாம் வாயாலேயே. இன்னொன்றில் பறவைகளாகக் கூவுவார்கள். அதை யாரும் இசையா என்று கேட்பதில்லை, ஐந்நூறு வருஷம் ஆகிவிட்டதல்லவா.

கரோலைன் ஷா எட்டு குரலுக்கு எழுதிய 'பார்ட்டிட்டா' 2013இல் இசைக்கான புலிட்சர் பெற்றது. அப்போது அவருக்கு வயது 30. அந்தப் பரிசை அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் யாரும் பெற்றதில்லை. அதிலும் பேச்சு, மூச்சு, தொண்டை ஒலி எல்லாம் வருகிறது. பகுதிகளின் பெயரோ அலமாண்ட், சரபாண்ட் என்று பழைய நடனங்களின் பெயர். முதலில் பேச்சு தாறுமாறாக மேலே மேலே விழும், பிறகு திடீரென்று எட்டு பேரும் ஒரு சுத்தமான சேர்க்கையில் வந்து நிற்பார்கள். மேலே சொன்ன அந்த 386 கணக்கு இங்கே எடுபடும். அதுவரை குழப்பமாக இருந்ததால்தான் அந்தச் சுத்தம் அப்படி இறங்குகிறது.

எல்லாப் புதுப் பாட்டும் நல்ல பாட்டு என்று நான் சொல்லவில்லை. சிலவற்றை ஒரு சீசன் பாடிவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

கெசுவால்டோ மனைவியைக் கொன்றவராமே. அவர் பாட்டை ஏன் பாடுகிறீர்கள்?

உண்மைதான். இத்தாலிய இசையமைப்பாளரான கெசுவால்டோ 1590இல் மனைவியையும் அந்தப் பெண்ணின் காதலனையும் கொன்றார். பிரபு குடும்பம் என்பதால் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. 1611இல் வெளிவந்த அவருடைய ஆறாவது மாட்ரிகல் (பல குரலில் பாடும் கவிதை) தொகுதியில் ஸ்வரங்கள் நகரும் விதம் அடுத்த முந்நூறு வருஷத்துக்கு அபூர்வமாகவே திரும்பக் கேட்டது. 20ஆம் நூற்றாண்டின் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி அவரிடம் மயங்கி, அவருடைய ஆலயப் பாட்டுகள் சிலவற்றில் தொலைந்துபோன பாகங்களைத் தானே எழுதி நிரப்பினார். பழசையும் புதுசையும் கோக்கும் எந்தக் குழுவும் இவரைத் தாண்டிப் போக முடியாது.

எனக்கு எரிச்சல் தருவது வேறு. 'கொலைகார இளவரசர்' என்று விளம்பரத்தில் போட்டு டிக்கெட் விற்பது. இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயர் மரியா தவலோஸ். விளம்பரத்தில் அது வரவே வராது. எங்கள் கையேட்டில் நடந்ததை இரண்டு வரியில், அவர் பெயரோடு எழுதுகிறோம். பாடாமல் இருப்பதே சரி என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சொல்கிறார். அவர் பேச்சையும் என்னால் தள்ள முடியவில்லை.

ஆலயத்துக்கு எழுதிய பாட்டை நம்பிக்கை இல்லாதவர்கள் பாடலாமா?

எங்கள் எட்டு பேரில் எல்லா வகையும் உண்டு. இறந்தவர்களுக்கான வரிகளைப் பாடும்போது, அவரவருக்கு அவரவர் ஆள் ஒருவர் நினைவில் வருவார். அதற்கு மேல் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை.

டாலிஸின் 40 குரல் பாட்டைப் போட்டிருக்கிறீர்கள். எட்டு பேர் எப்படிப் பாடுவீர்கள்?

பாட மாட்டோம், விருந்தினரைக் கூப்பிடுவோம். 'ஸ்பெம் இன் ஆலியும்' ஐந்து ஐந்து பேராக எட்டு குழுக்களுக்கு 1570 வாக்கில் எழுதியது. நாற்பது பேருக்கும் தனித்தனி வரி. பார்வையாளர்களைச் சுற்றி நின்று பாடினால் ஒலி ஒரு மூலையில் தொடங்கி அறையைச் சுற்றி நடக்கும்.

நாற்பது பேர் கிடைக்காத இடங்களில் வேறு வழி உண்டு. கனடாவின் ஜேனட் கார்டிஃப் 2001இல் ஒவ்வொரு குரலையும் தனியாகப் பதிவுசெய்து, நாற்பது ஒலிபெருக்கிகளை வட்டமாக நிறுத்தினார். ஒவ்வொன்றின் அருகிலும் போய்க் காது கொடுக்கலாம். எங்கள் கச்சேரியில் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

ஐந்நூறு வருஷத்துப் பாட்டுக்குக் காப்புரிமை ஏது? நாங்களே நகல் எடுத்துப் பாடலாம்தானே?

பாட்டுக்குக் கிடையாது. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் பதிப்புக்கு இருக்கலாம். பாகப் புத்தகத்தில் என்னவெல்லாம் எழுதப்படவில்லை என்று மேலே சொன்னேனே, அதையெல்லாம் நிரப்பிப் பாடும்படி செய்பவர் ஒரு பதிப்பாசிரியர். இங்கிலாந்தில் லயனல் சாக்கின்ஸ் என்பவர் ஒரு பழைய பிரெஞ்சு இசையமைப்பாளரின் பாட்டுகளைப் பதிப்பித்தார். அவற்றைப் பதிவுசெய்த ஹைபீரியன் நிறுவனம் பதிப்புக்குக் காப்புரிமை இல்லை என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்று தீர்ப்பளித்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

இலவசமாக வேண்டுமென்றால் 1998இல் தொடங்கிய கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி இணையத்தில் இருக்கிறது. தரம் முன்னே பின்னே இருக்கும், ஒத்திகைக்கு முன் ஒருமுறை பியானோவில் தட்டிப் பாருங்கள். புதிய பாட்டுகளில் இந்தக் குழப்பமே இல்லை, எல்லாவற்றுக்கும் காசு.

எப்போது கைதட்டுவது? ஒருமுறை நடுவில் தட்டிவிட்டுக் கூனிக்குறுகிப் போனேன்.

கையேட்டில் சில பாட்டுகளை அடைப்புக்குறியால் இணைத்திருப்போம். அந்தக் கட்டு முடிந்ததும் தட்டலாம். கையேடு இல்லையென்றால் எங்கள் தோள்களைப் பாருங்கள். தோள் இறங்கினால் பாட்டு முடிந்தது. கல் கட்டடங்களில் கடைசி ஸ்வரம் எங்கள் வாயை விட்டுப் போன பிறகும் சில விநாடி மேலே சுற்றிக்கொண்டிருக்கும். அதையும் கேட்டுவிட்டுத் தட்டினால் மகிழ்ச்சி. நடுவில் தட்டினாலும் ஒன்றும் ஆகாது. பிடித்துத்தானே தட்டினீர்கள்.

சீசன் முழுக்க வர முடியாது. ஒரே ஒரு கச்சேரிக்கு வரலாம் என்றால் எதற்கு வரட்டும்?

பெயர் தெரிந்த பாட்டு இருக்கிறதே என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பழைய பாட்டும் புதிய பாட்டும் மாறி மாறி வரும் நிகழ்ச்சியாகப் பாருங்கள். முதல் பாதி முழுக்கப் பழசு, இரண்டாம் பாதி முழுக்கப் புதுசு என்று பிரித்திருந்தால், இடைவேளையில் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கச்சேரி என்று இன்னும் முடிவாகவில்லை என்றால், அரங்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கம்பளமும் மெத்தை நாற்காலியும் உள்ள இடத்தில் குரல் உடனே செத்துவிடும். உயரமான கூரை, கல்லோ மரமோ போட்ட தரை, கடினமான பெஞ்சு. நடுவில் உட்காருங்கள், ஒரு மெத்தைத் துண்டு எடுத்து வாருங்கள்.